கடலோரத் தோட்டப்பட்டணத்து வீட்டுக்கு வெள்ளத் தடுப்பு: எது தாங்கும், எது தாங்காது

மலேசியாவின் மேற்குக் கரையில் பாகான் டத்தோ, சபாக் பெர்ணம், ஜெரம், கேரித் தீவு என்று தென்னையும் செம்பனையும் கடல் வரைக்கும் இறங்கும் ஊர்களில் வீட்டுக்குள் வருவது இரண்டு வகைத் தண்ணீர். ஒன்று, பண்டை, அதாவது கடலைத் தடுக்கும் மண்கரையை, தாண்டியோ உடைத்தோ வரும் உப்புத் தண்ணீர். மற்றது, கடல் ஏறியதால் மடைக்கதவு மூடிக்கொள்ள, வெளியேற வழியில்லாமல் தேங்கும் மழைத் தண்ணீர். ஹார்ட்வேர் கடையிலும் இணையத்திலும் இப்போது விற்கும் வெள்ளத் தடுப்புச் சாமான்களில் பல, ஆற்று வெள்ளத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. உப்பும் சேறும் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் கடலும் உள்ள ஊரில் அவற்றை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அலுமினியச் செருகு பலகைத் தடுப்பு வாங்கத் தகுந்தது. குழாய் அடைப்பான் அதைவிட முதலில் வாங்க வேண்டியது. உறிஞ்சும் பை கடலோரத்துக்கு ஆகாது.

முதலில் உயரம். விற்பவர்கள் 90 செ.மீ., 1 மீட்டர் தடுப்புகூடக் காட்டுவார்கள். வேண்டாம். ஒரு மீட்டர் அகல வாசலில் 30 செ.மீ. தண்ணீர் நின்றால் பலகையைத் தள்ளும் விசை சுமார் 45 கிலோ. 60 செ.மீ. ஆனால் 180 கிலோ. 90 செ.மீ. ஆனால் 400 கிலோ. உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இது கதவுக்கு மட்டுமல்ல, வீட்டைச் சுற்றியுள்ள முழுச் சுவருக்கும்தான். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் சுவர் பெரும்பாலும் அரைச்செங்கல் கனம், அதாவது நாலரை அங்குலம். பழைய லயத்து வீடுகளில் சிலவற்றில் மேல்பாதி பலகைதான். அந்தச் சுவரின் ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் வெறுமையும் என்றால் 60 செ.மீட்டருக்கு மேல் போவது ஆபத்து. தரையின் கான்கிரீட்டும் மெல்லியது. அடியிலிருந்து தள்ளும் தண்ணீர் அதில் வெடிப்பு விழ வைக்கும். அந்த உயரத்தையும் தாண்டித் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் பலகையை எடுத்துவிட்டு உள்ளே விடுவதே வீட்டைக் காப்பாற்றும் வழி. இதைச் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

செருகு பலகைத் தடுப்பில் உறுப்புகள் கொஞ்சம்தான்: வாசலின் இரு பக்கமும் நிரந்தரமாக நிற்கும் இரண்டு சேனல்கள், அவற்றுக்குள் மேலிருந்து இறக்கும் உள்ளீடற்ற அலுமினியப் பலகைகள், அடியிலும் பக்கத்திலும் ரப்பர் பட்டை, மேலிருந்து பலகைகளை அழுத்தும் திருகு. 20 செ.மீ. பலகை மூன்று என்றால் 60 செ.மீ. ஆயிற்று. பொருத்திய பிறகு ஒருவரே சில நிமிடத்தில் போட்டுவிடலாம், வயதானவர் தனியாக இருக்கும் வீட்டிலும்கூட. இந்த ஒரு காரணத்துக்காகவே மண்மூட்டையைவிட இது மேல்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பலகை அல்ல, பொருத்திய இடம். வாசல் ஓடுகள் மழைநீர் வழிய வெளிப்பக்கம் சரிந்திருக்கும். ஓடுகளுக்கு இடையே கோடுகள் இருக்கும். தள்ளுகிற இரும்பு கிரில்லுக்குத் தரையில் தண்டவாளம் இருக்கும். இவை ஒவ்வொன்றின் மேலும் ரப்பர் முழுசாக உட்காராது. பலகை இறங்கும் இடத்தில் நீளமான நேர்க்கோல் ஒன்றை வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்த ஓட்டு வரிசையைப் பெயர்த்து, சுருங்காத சிமெண்டுக் கலவையால் மட்டமான ஒரு பட்டையை ஊற்றச் சொல்லுங்கள். கிரில் தண்டவாளத்துக்கு வெளியே சேனலை நிறுத்துவதுதான் சரி.

அடுத்த தவறு போல்ட். சாந்துப் பூச்சுக்குள்ளும் ஓட்டைச் செங்கல்லுக்குள்ளும் அடித்த விரிவு போல்ட் 180 கிலோ தள்ளலில் பிடுங்கிக்கொண்டு வரும். சேனல் கான்கிரீட் தூணில் நிற்க வேண்டும். தூண் எட்டாத இடத்தில் ரசாயனப் பசை ஊற்றி நடும் ஆங்கர் போட வேண்டும். துளையிட்ட தூளை ஊதி, துலக்கி வெளியேற்றாமல் பசை ஊற்றினால் அது தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. கொன்ட்ராக்டர் இந்த வேலையைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது வீண் போகாது.

உப்புக் காற்றுக்கு அலுமினியம் நன்றாகவே தாங்கும். அதோடு சேர்ந்த மற்றவைதான் தாங்காது. கறுப்பிரும்புச் சேனலும் முலாம் பூசிய போல்ட்டும் துருவேறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 வகை கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும், 316 கேளுங்கள். அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் நேராகத் தொட்டு உப்பில் நனைந்தால் அலுமினியம் அரிக்கும், அதனால் இடையில் நைலான் வாஷர் வேண்டும். ரப்பர் பட்டை ஈபிடிஎம் (வெயில், மழை தாங்கும் செயற்கை ரப்பர்) வகையாக இருக்கட்டும். மலிவான தொகுப்பில் வரும் மெத்தென்ற ஸ்பாஞ்சுப் பட்டை, அழுத்தத்தில் வைத்த நிலையிலேயே தட்டையாகி, தேவைப்படும் நாளில் எழும்பாது.

வாங்கியபின் சோதிக்காமல் பணம் முழுவதும் கொடுத்துவிடாதீர்கள். பலகையைப் போட்டு, வாசலுக்கு வெளியே போர்ட்டிகோவில் மணல்மூட்டையும் கனத்த பிளாஸ்டிக் விரிப்பும் வைத்து அரைவட்டமாகக் கரை கட்டி, 20 செ.மீ. உயரத்துக்குக் குழாய்த் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். கொஞ்சம் கசிவது இயல்பு. துணியும் வாளியும் சமாளிக்கும். கோடாக ஓடிவந்தால் எந்த மூலையில் என்று குறித்து, அன்றைக்கே சரிசெய்யச் சொல்லலாம். விலை கேட்கும்போதும் சேனல், ஆங்கர், தரைப் பட்டை, கூலி எல்லாம் சேர்ந்த தொகையா, பலகைக்கு மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, குளியலறைத் தரைத்துளையைத் திறந்து வைத்தால் பயனில்லை. வெளியே வாசற்படி அளவுக்கு ஏறும் தண்ணீர், லொங்காங் (வீட்டோர வடிகால்) வழியாகத் திரும்பி, குளியலறைத் துளையிலும் துணி துவைக்கும் இயந்திரக் குழாயிலும் கழிப்பறையிலும் பொங்கும். வீட்டிலேயே தாழ்ந்த திறப்பு அதுதான். வாசலை எட்டும் முன்னே தண்ணீர் அங்கே வந்துவிடும். நல்ல செய்தி, அதை அடைப்பது கடினமில்லை. 100 மி.மீ. குழாயில் 60 செ.மீ. தண்ணீர் தள்ளும் விசை 5 கிலோவுக்கும் குறைவு. நடுவில் சிறகுநட்டு உள்ள ரப்பர் விரிவு அடைப்பான் போதும்: குழாய்க்குள் இறக்கி நட்டைத் திருகினால் ரப்பர் புடைத்துப் பிடித்துக்கொள்ளும். 50, 75, 100 மி.மீ. என்று அளவுகள் உண்டு. குழாயின் உள்விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், வெளிவிட்டத்தை அல்ல. குந்து கழிப்பறைக்கு இந்த அடைப்பான் பொருந்தாது; கனத்த பிளாஸ்டிக் பைக்குள் மணல் நிரப்பிக் கிண்ணத்தில் அமுக்கி வைக்கலாம்.

நிரந்தரமாக ஒருவழி வால்வு போடுவது வசதிதான், குறிப்பாக இரவில் கடல் ஏறும்போது. ஆனால் நம் லொங்காங்கில் ஓடுவது களிச்சேறு. வால்வுக்குள் இருக்கும் மடல் அமரும் விளிம்பில் ஒரு கைப்பிடிச் சேறோ, ஒரு தேங்காய் நாரோ சிக்கினால் மடல் மூடாது. அதனால் மூடியைத் திறந்து கையால் கழுவக்கூடிய இடத்தில், தொட்டிக்குள் போட்டதை மட்டும் வாங்குங்கள்; சிமெண்டுக்குள் புதைத்ததை வேண்டாம் என்று சொல்லுங்கள். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் குளிப்பதும் துவைப்பதும் கூடாது. வெளியே போக வழியில்லாத அந்தத் தண்ணீர் உங்கள் தரையிலேயே எழும்பும்.

மண்மூட்டை இன்னும் செத்துப்போகவில்லை. தோட்டத்தில் காலி உரப்பை தாராளமாகக் கிடைக்கிறது, கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம். 50 கிலோ பையை முழுக்க நிரப்பினால் தூக்கவும் முடியாது, படியவும் செய்யாது. மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, வாயை மடித்து, மடித்த பக்கம் கீழே வரும்படி, செங்கல் அடுக்குவதுபோல் மூட்டு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு மீட்டர் வாசலை 30 செ.மீ. உயரத்துக்கு ஒழுங்காக அடைக்க 15 முதல் 20 மூட்டை, சுமார் 300 கிலோ மணல். இதை நினைத்துத்தான் பலகைக்குக் காசு கொடுப்பது. நெய்த பிளாஸ்டிக் பை வெயிலில் சில மாதத்தில் நொறுங்கும், எனவே நிரப்பி வெளியே வைத்துவிட்டு அடுத்த ஆண்டு நம்பாதீர்கள்.

உறிஞ்சும் பை என்று மெல்லிசாக, தபாலில் வருவதைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் போட்டதும் உப்பி மூட்டையாகிவிடும் என்று காட்டும் காணொளி உண்மைதான், நல்ல தண்ணீரில். உள்ளே இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட். குழந்தைகளின் டயப்பரில் உள்ள அதே தூள். உப்பு கரைந்த நீரில் அது ஊதும் அளவு பல மடங்கு குறைகிறது. கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் இன்னும் சுருக்குகின்றன. நம்பாதவர்கள் இரண்டு வாளி எடுத்து, ஒன்றில் லிட்டருக்கு 35 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, வாளிக்கொரு பை போட்டுப் பார்க்கலாம். நல்ல தண்ணீரில் ஊறவைத்து எடுத்து வாசலில் வைத்தாலும் கடல்நீர் பட்டதும் பை உள்ளிருக்கும் நீரை விட்டு இளைக்கும். கனமும் அதிகமில்லாததால் அலையோடு நகர்ந்துவிடும். ஆற்றோர ஊருக்கு இது உதவலாம், நம் ஊருக்குப் பணம் வீண்.

பம்ப் சின்னதே போதும். அரைக் குதிரைத்திறன் நீரில் மூழ்கும் பம்ப், கசிவை வெளியேற்ற மட்டும். ஊரையே இறைக்க முடியாது. அட்டையில் எழுதிய லிட்டர் கணக்கு பூஜ்ய உயரத்துக்கானது; குழாய் நீளமும் ஏற்றமும் கூடும்போது குறையும். குழாயின் நுனி தடுப்புக்கு வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் வெளித்தண்ணீர் அதே வழியில் உள்ளே வரும். 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள, உயரமான சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய போர்ட்டிகோவிலோ ஓட்டக் கூடாது, அதன் புகை ஆளைக் கொல்லும்.

நேரம் கணிப்பது கடலோரத்துக்கு வாய்த்த ஒரே சலுகை. ஆற்று வெள்ளம் சொல்லாமல் வரும், கடல் சொல்லிவிட்டு வரும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் பின்னால் பெருங்கடல், அதாவது கடல் மிக உயரமாக ஏறும் நாள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். மார்ச், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஏற்றம் இன்னும் அதிகம். அரச கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் அலை அட்டவணை வெளியிடுகிறது. அதில் போர்ட் கிள்ளானில் 5 மீட்டருக்கு மேல் என்று படித்து மிரள வேண்டாம். அந்த அளவு மிகத் தாழ்ந்த கடல்மட்டத்திலிருந்து எண்ணியது, உங்கள் வாசற்படியிலிருந்து அல்ல. செய்ய வேண்டியது: பெருங்கடல் நாளில் அட்டவணை எண்ணையும் உங்கள் வீட்டு லொங்காங்கில் தண்ணீர் தொட்ட இடத்தையும் குறித்து வையுங்கள். சில தடவை குறித்ததும் எந்த எண்ணுக்குப் பலகை போட வேண்டும் என்று தெரிந்துவிடும். காற்றும் மழையும் அட்டவணையில் இல்லை. ஜே.பி.எஸ். (நீர்ப்பாசன, வடிகால் துறை) நடத்தும் இன்ஃபோ பஞ்சிர் இணையதளத்தில் ஆற்று மட்டம் நோர்மல் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நான்கு நிலையில் காட்டும். அது இலவசமான, தரமான சேவை. ஆனால் உங்களுக்கு அருகிலுள்ள அளவுமானி மடைக்கதவுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயர் ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே பலகையும் அடைப்பானும் போட்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் பண்டு நிற்கிறது என்ற கணக்கில்தான். களிமண் பண்டு தானே அமிழும். மோட்டார் சைக்கிள் ஓடும் தடத்தில் இன்னும் தாழும். சேற்று இறாலும் நண்டும் உடும்பும் துளை போடும். நிலப்பக்கச் சரிவில் தெளிந்த நீர் கசிந்தால் கவனம், கலங்கிய நீர் கசிந்தால் மண் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். உடனே மாவட்ட ஜே.பி.எஸ். அலுவலகத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் படத்தோடு தெரிவியுங்கள். உடைந்துவிட்டால் எந்தக் கதவுத் தடுப்பும் உதவாது. பெரிய மின்சுவிட்சை அடைத்து, பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போங்கள், 999-ஐ அழையுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் பலகை, சேனல், திருகு, பம்ப் எல்லாவற்றையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பம்பை ஒரு வாளி நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஓட விடுங்கள். பலகைகளில் எண் எழுதி, ரப்பர்மேல் கனம் விழாமல் நிழலில் படுக்க வைத்து, அடைப்பான்களையும் சிறகுநட்டுகளையும் அதே இடத்தில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.