பழைய கணினியை "அப்படியே" புதியதில் ஏற்றித் தருவதாகச் சொன்ன கடையில் 680 வெள்ளியை இழந்தேன்

இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது. இன்று மாலைதான் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன்.

சிங்கப்பூரில், என் வீட்டில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தயாரித்த பயிற்சித் தாள்கள் யாவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில், நிறுவும் வட்டும் உரிம எண்ணும் தொலைந்துபோன ஒரு பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கின்றன. கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அவை திறக்கா. விண்டோஸ் 10, மென்பொருள், எழுத்துரு எல்லாம் சேர்ந்து வரவேண்டும். அதற்காகவே முழு வட்டையும் இமேஜ் பேக்கப்பாக, அதாவது விண்டோஸ் உட்பட எல்லாம் அடங்கிய ஒரே நகலாக, வெளி வட்டில் எடுத்து வைத்திருந்தேன். சென்ற மாதம் கணினியின் மதர்போர்டு செத்தது. மாணவர்களுக்குத் தேர்வு வர மூன்று வாரமே இருந்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் தமிழில் பேசியதுமே பாதி பாரம் இறங்கியதுபோல் இருந்தது. "அக்கா, வீட்டுச் சாமானை அப்படியே லாரியில ஏத்தி வேற வீட்டுல இறக்குற மாதிரிதான். லைசன்சும் கூடவே வந்துடும்," என்றார். பழைய கணினி என்ன வகை, அதில் என்ன வட்டு என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை அப்போது திறமை என்று நினைத்தேன். புதுப்பிக்கப்பட்ட கணினிக்கு 520 வெள்ளி, மாற்றித் தர 160 வெள்ளி. ஆக 680 வெள்ளியை அங்கேயே நின்று பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பினேன்.

இரண்டு நாள் என்றவர் ஒன்பதாம் நாள் அழைத்தார். கணினியைத் திறந்தால் வெறும் விண்டோஸ் 11. என்னுடையது என்று சொல்ல அதில் ஓர் எழுத்தும் இல்லை. கேட்டதற்கு, "உங்க பேக்கப்பே கெட்டுப்போச்சு அக்கா, நீலத் திரைதான் வந்துச்சு," என்றார். விண்டோஸ் இயங்க முடியாமல் நின்றுபோகும்போது வரும் பிழைத் திரை அது. மறுநாள் "டெக்னீஷியன் ஜொகூர் போயிருக்கார்" என்றார்கள். அதற்கடுத்து "பாஸ்தான் முடிவு சொல்லணும்". வாட்ஸ்அப்பில் நீல நிறக் குறிகள் வருகின்றன, பதில் வருவதில்லை. இன்று நேரில் போனபோது அந்த இளைஞர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "வேலை செஞ்சாச்சு, காசு திரும்பாது." ரசீதில் "கணினி 1, சேவை 1" என்று மட்டுமே இருக்கிறது.

பேக்கப் கெடவில்லை. பினாங்கில் இருக்கும் என் அக்கா மகன் வீடியோ அழைப்பில் வழிகாட்ட, அந்த இமேஜை என் தோழியின் கணினியில் வாசிக்க மட்டும் அனுமதித்து இணைத்துப் பார்த்தேன். எல்லாக் கோப்புறைகளும் முழுமையாக இருந்தன. புதிய கணினியில் வட்டைக் கையாளும் இன்டெல் விஎம்டி என்ற அமைப்பு இயக்கப்பட்டிருக்கிறது என்றும், அதற்கான டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் கையாள உதவும் மென்பொருள்) பழைய விண்டோஸில் இல்லாவிட்டால் வட்டே அதன் கண்ணுக்குத் தெரியாமல் நீலத் திரையில் நின்றுவிடும் என்றும் அவன் விளக்கினான். அந்த அமைப்பை அணைத்தோ, டிரைவரை இமேஜுக்குள் சேர்த்தோ முயன்றிருக்க வேண்டும். 160 வெள்ளி வாங்கியது அதற்குத்தானே! முதல் நீலத் திரையிலேயே கையை உதறிவிட்டு, புது விண்டோஸை நிறுவிக் கணக்கை முடித்திருக்கிறார்கள். உரிமம் பற்றிச் சொன்னதும் பொய். கணினியோடு விற்கப்பட்ட விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது; வேறு கணினிக்குத் தானாக வராது.

இந்த வாக்குறுதி இல்லாவிட்டால் அந்தக் கணினியை நான் வாங்கியே இருக்கமாட்டேன். ஆகவே 160 அல்ல, 680 வெள்ளியும் போனதாகவே கருதுகிறேன்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், பொறுமையில்லை. பழைய வன்பொருளைப் பற்றி விசாரிக்காத கடையில் பணம் கொடுக்காதீர்கள். "கணினி எழுந்து, என் மென்பொருள் திறந்தால்தான் சேவைக் கட்டணம்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பேக்கப் வட்டின் ஒரே பிரதியைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், அதை அழிக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் அந்த 48 இலக்க மீட்பு எண்ணைத் தனியே எழுதி வையுங்கள்.

பயனீட்டாளர் சங்கத்துக்கு இன்றிரவே எழுதுகிறேன். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 10 வெள்ளி. ஏற்கெனவே 680 போயிருக்கிறது, இன்னொரு பத்து போகட்டும்.