ஸ்பாட் ரேட்டா, வருட ஒப்பந்தமா?

கன்டெய்னர் பெட்டியைக் கப்பலில் அனுப்ப வாடகை இரண்டு வகை: அன்றைய சந்தை விலையான ஸ்பாட் ரேட், அல்லது வருடத்துக்கு முன்கூட்டியே பேசிவைக்கும் ஒப்பந்த ரேட். ஸ்பாட் ரேட் காசிமேடு மீன் ஏலம் மாதிரி. வரத்து குறைந்தால் எகிறும். 2023 நவம்பரில் செங்கடலில் ஏமனின் ஹூதி படையினரின் தாக்குதல் தொடங்கிய பிறகு, பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஐரோப்பாவுக்குச் சுமார் 10 நாள் கூடுதல். அதே கப்பல், நடை குறைவு; ஸ்பாட் வாடகை பல மடங்கு ஏறியது.

வருட ஒப்பந்தம் போட்டவர்கள் தப்பித்தார்களா? பாதிதான். சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் தனியாக வரும், இடமில்லை என்று பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும். சந்தை சரிந்தாலோ பழைய ரேட்டையே கட்டணும்.

மாதம் ஒரு பெட்டி அனுப்பும் தண்டையார்பேட்டைக்காரருக்கு நல்ல ஒப்பந்தம் எங்கே கிடைக்கும்? அவருக்கு ஸ்பாட்தான். காட்டுப்பள்ளி துறைமுகம் வழியாக மாதம் 10 பெட்டி போகிறதென்றால், நானாக இருந்தால் 7 பெட்டியை ஒப்பந்தத்தில் போடுவேன்.