கொராகுவென், ரியோகொகு, டோக்கியோ டோம்: ரெஸ்லிங் பார்க்க எங்கே உட்காரலாம்?

டோக்கியோவுக்கு ரெஸ்லிங் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது ஜனவரி 4 டோக்கியோ டோம் டிக்கெட்டைத்தான். நியூ ஜப்பான் என்ற ரெஸ்லிங் நிறுவனம் 1992 முதல் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் அங்கே ஷோ நடத்துகிறது. 2007 முதல் அதன் பெயர் ரெஸ்ல் கிங்டம். ஆசை நியாயமானதுதான். ஆனாலும் ஜப்பானில் ஒரே ஒரு ஷோ பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் அது டோமில் வேண்டாம். டோமிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கும் கொராகுவென் ஹாலில் பாருங்கள். சுமோ அரங்கான ரியோகொகு கொகுகிகன், அளவிலும் அனுபவத்திலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

கொராகுவென் ஹால்

1962இல் திறந்த கூடம். குத்துச்சண்டையும் ரெஸ்லிங்கும் மாறி மாறி நடக்கும். நிரம்பி வழிந்தால் ஏறத்தாழ 1,500 முதல் 1,700 பேர். சுய்தோபாஷி ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. நியூ ஜப்பான், ஆல் ஜப்பான், நோவா, டிராகன் கேட், டிடிடி, பெண்கள் மட்டுமே மோதும் ஸ்டார்டம் என எல்லா நிறுவனங்களும் இங்கே ஷோ போடுகின்றன. அதனால் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். வார நாட்களில் பெரும்பாலும் மாலை 6:30க்குத் தொடங்கும். சனி, ஞாயிறுகளில் முற்பகல் 11:30க்கு ஒரு நிறுவனமும் மாலையில் இன்னொன்றும் நடத்துவதுண்டு. ஒரே நாளில் இரண்டு ஷோ பார்க்க டோக்கியோவில் இதைவிட வசதியான இடம் இல்லை.

இருக்கைகளைத் திசை சொல்லித்தான் விற்பார்கள். டிக்கெட்டில் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று எழுதியிருக்கும். நம் ஓட்டு தெற்குப் பக்கத்துக்கு. அங்கே மட்டும்தான் ஆரஞ்சு நிற நிலையான இருக்கைகள் செங்குத்தான சரிவில் ஏறிப் போகின்றன. முன்னால் இருப்பவர் எவ்வளவு உயரமானவராக இருந்தாலும் மறைக்க மாட்டார். தரையில் போட்டிருக்கும் மடக்கு நாற்காலிகளை ரிங்சைடு என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். முதல் மூன்று வரிசை கிடைத்தால் வாங்கலாம். அதற்குப் பின்னால் என்றால், வீரர்கள் தரையோடு தரையாகப் பிடி போடும்போது முன்வரிசைத் தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ரிங் உயரமானது, ஆனால் தரை மட்டமானது. அந்தப் பணத்துக்குத் தெற்குச் சரிவின் நான்காவது, ஐந்தாவது வரிசை எவ்வளவோ மேல். கிழக்கிலும் மேற்கிலும் படிக்கட்டு போன்ற இருக்கைகள் உண்டு. பக்கவாட்டுக் கோணம் என்றாலும் நெருக்கம் குறையாது. அவற்றுக்கு மேலே இருக்கும் பால்கனியில் நின்று பார்க்க, சில ஷோக்களுக்கு மட்டும் தனி டிக்கெட் விற்பார்கள். மூன்று மணி நேரம் நிற்கக் கால் தாங்கும் என்றால் அது அருமையான இடம். ரிங்கை மேலிருந்து அப்படியே பார்க்கலாம்.

மடக்கு நாற்காலியில் உட்காருபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சண்டை ரிங்கை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் வருவது இங்கே அன்றாடம் நடப்பது. கறுப்பு டி-ஷர்ட் போட்ட இளம் பயிற்சி வீரர்கள் கையை விரித்துக்கொண்டு கத்தினால் உடனே எழுந்து நகர வேண்டும். நாற்காலியையும் குடித்துக்கொண்டிருந்த கோப்பையையும் விட்டுவிடுங்கள், பையை மட்டும் எடுங்கள். போன் எடுத்துப் படம் பிடிக்க நின்றால் உங்களுக்கும் அடிபடும், வீரருக்கும் அடிபடும். பையை வாய் மூடியதாக, தோளில் மாட்டக்கூடியதாகக் கொண்டுபோவது நல்லது.

இந்தக் கூடத்தின் உயிர் அதன் சத்தம். இடம் சின்னது, கூட்டம் ரிங்கை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. மார்பில் விழும் அறையின் ஓசை கடைசி வரிசைக்கும் பச்சையாகக் கேட்கும். ஜப்பானியக் கூட்டம் தொடர்ந்து கத்தாது. பிடிச்சண்டை நடக்கும்போது அமைதியாகக் கவனிக்கும், நல்ல நகர்வுக்குக் கை தட்டும். கீழே அழுத்தப்பட்டவர், நடுவர் மூன்று எண்ணித் தோற்கடிப்பதற்கு முன், இரண்டு எண்ணியதும் தோள் தூக்கினால் மொத்தக் கூடமும் காலால் தரையை உதைக்கும். அந்த அமைதியை ஆர்வமின்மை என்று நினைத்துக்கொண்டு நடுவில் ‘திஸ் இஸ் ஆசம்’ என்று கோஷம் கிளப்பும் வெளிநாட்டுப் பயணிகள் மீது சுற்றியிருப்பவர்கள் எரிச்சல்படுவதில் நியாயம் இருக்கிறது.

காகித ரிப்பன் வீசுவதும் சின்னக் கூடத்துக்கே உரிய சுகம். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி முடிக்கும் நொடியில், அந்த வீரருக்கு உரிய நிறத்தில் ரிப்பன்கள் ரிங்குக்குள் பறக்கும். செய்முறை எளிது. ஒரு சுருள் சுமார் 30 மீட்டர் நீளம் இருக்கும். நடுவில் இருக்கும் கெட்டி அட்டைக் குழலை முதலில் தள்ளி எடுத்துவிட வேண்டும். அதோடு வீசினால் கல்லால் அடித்த மாதிரிதான். பிறகு சுருளைக் கையால் இறுக்கி ஓட்டையை மூடுங்கள். ஒரு முனையை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, ரிங்குக்கு மேலே உயரப் போகும்படி வீசுங்கள். வீரரைக் குறிவைத்து வீசினால் முகத்தில் படும். தூரத்து வரிசையிலிருந்து வீசினால் முன்வரிசைக்காரர் தலையில்தான் விழும். எல்லா நிறுவனங்களும் இதை அனுமதிப்பதில்லை என்பதால் அன்றைய ஷோவின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷோ முடிந்ததும் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படிக்கட்டில் இறங்குங்கள். சுவர் முழுக்க ரசிகர்கள் பல காலமாக எழுதிவைத்த வரிகள் இருக்கின்றன.

டோக்கியோ டோம்

1988இல் திறந்த பேஸ்பால் மைதானம். இங்கே முதல் ரெஸ்லிங் ஷோ 1989 ஏப்ரலில் நடந்தது. 1998 ஏப்ரல் 4 அன்று, நியூ ஜப்பானைத் தொடங்கிய வீரர் ஆண்டோனியோ இனோகி விடைபெற்றது இங்கேதான். 2026 ஜனவரி 4 அன்று நியூ ஜப்பானின் நட்சத்திர வீரர் ஹிரோஷி தனஹாஷி தன் கடைசிப் போட்டியை ஆடியதும் இங்கேதான். அப்படிப்பட்ட இரவில், பல்லாயிரம் பேரோடு அந்த இடத்தில் இருந்தோம் என்பதற்காக டிக்கெட் வாங்கலாம். ரெஸ்லிங்கைக் கண்ணால் பார்ப்பதற்காக என்றால் யோசிக்க வேண்டும்.

மைதானத் தரையில் போடும் அரீனா இருக்கைகள் விலை உயர்ந்தவை, ஆனால் முழுக்க மட்டமான தளத்தில் இருப்பவை. பத்தாவது வரிசையைத் தாண்டினால் ரிங்கை விடப் பெரிய திரையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். விளக்குக் கம்பங்களும் குறுக்கே வரும். முதல் மாடி ஸ்டாண்டில், ரிங்குக்கு நேர் பக்கவாட்டில், கீழ்வரிசைகள் கிடைத்தால் அதுவே டோமில் சிறந்த பேரம். இரண்டாம் மாடிக்கு 8 மடங்கு பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். அங்கே இன்னொரு குறையும் உண்டு: நீங்கள் 100 மீட்டர் தள்ளி இருந்தால், விழுந்த ஓசை உங்களை எட்ட ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். கண் ஒன்றைப் பார்க்கும், காது பிறகு கேட்கும். கைதட்டலும் அதனால்தான் அலை அலையாகச் சிதறும்.

கேனும் கண்ணாடி பாட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். பிளாஸ்டிக் பாட்டில் பரவாயில்லை. கடைகள் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு வேண்டும். கூரையைத் தாங்குவது காற்றழுத்தம். உள்ளே அழுத்தம் வெளியைவிட 0.3 சதவீதம் கூடுதல். வெளியேறும் கதவில் பின்னாலிருந்து காற்று தள்ளும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரியோகொகு கொகுகிகன்

1985இல் திறந்த சுமோ அரங்கம், சுமார் 11,000 இருக்கைகள். ரெஸ்லிங் நாளில் சுமோ மேடையை அப்படியே தரைக்கடியில் இறக்கிவிட்டு ரிங் கட்டுவார்கள். நியூ ஜப்பானின் கோடைக்காலத் தொடரான ஜி1 கிளைமாக்ஸ் முதன்முறை நடந்த 1991இல் அதன் இறுதிப் போட்டி இங்கேதான். முதல் கோப்பையை மசாஹிரோ சோனோ வென்றபோது ரசிகர்கள் மகிழ்ச்சியில் உட்கார்ந்திருந்த மெத்தைகளை ரிங்கை நோக்கி வீசினார்கள். 1987 டிசம்பரில் அதே அரங்கில் மெத்தைகள் பறந்தது கோபத்தில். பார்க்க வந்த போட்டியை மாற்றி, அமெரிக்க வீரர் வேடரிடம் இனோகி சில நிமிடங்களில் தோற்றதைக் கூட்டம் ஏற்கவில்லை. அதன் விளைவாக நியூ ஜப்பானுக்குச் சில காலம் இந்த அரங்கக் கதவு மூடப்பட்டது.

வெளிநாட்டவர் பெட்டி இருக்கையைத்தான் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். சுமார் 1.3 மீட்டர் சதுரம், குழாய்க் கம்பித் தடுப்பு, செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் சம்மணமிட வேண்டும். தரையில் உட்கார்ந்து பழகியவருக்கு முதல் ஒரு மணி நேரம் சுகம். ஷோ நான்கு மணி நேரம் போனால் முழங்கால் பதில் சொல்லும். ஒரு பெட்டியை எத்தனை பேருக்கு விற்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு பேர் என்றால் நன்று, நான்கு பேர் என்றால் கால் நீட்ட இடமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டாம் மாடி நாற்காலிக்குப் போங்கள். சரிவு நன்றாக இருக்கிறது, நடுவில் தூண் இல்லை, விலையும் குறைவு. பெரிய ஷோவின் ஆரவாரமும் தெளிவான பார்வையும் ஒன்றாக வேண்டுமென்றால் மூன்று அரங்கிலும் இதுதான் முதல்.

டிக்கெட்

மூன்று இடத்துக்கும் சிக்கல் ஒன்றே. ஜப்பானிய டிக்கெட் தளங்கள் பலவும் உள்ளூர் போன் எண் கேட்கும். நியூ ஜப்பானும் ஸ்டார்டமும் ஆங்கிலத்தில் விற்கும் வழி வைத்திருக்கின்றன; முதலில் அங்கே பாருங்கள். சின்ன நிறுவனங்களின் கொராகுவென் ஷோக்களுக்குப் பெரும்பாலும் அன்றைக்கே அரங்க வாசலில் டிக்கெட் கிடைக்கும். அதற்கு ரொக்கம் வைத்திருங்கள். அங்கே டி-ஷர்ட், புகைப்பட மேசைகளிலும் ரொக்கம்தான் வேகம். வீரர்களே நின்று விற்கும் மேசைகளில் பொருள் வாங்கினால் கையெழுத்து கிடைக்கும். கதவு திறந்ததும் போனால் வரிசை குறைவு, இடைவேளையில் போனால் அடுத்த போட்டியைத் தவறவிடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரியோகொகுவில் பெரிய ஷோ இருந்தால், முற்பகல் 11:30க்குக் கொராகுவெனில் ஏதாவது இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். சுய்தோபாஷியிலிருந்து மஞ்சள் பட்டை போட்ட சூவோ-சோபு ரயிலில் நான்காவது நிறுத்தம் ரியோகொகு. மேற்கு வாசலில் இறங்கினால் அரங்கம் எதிரிலேயே நிற்கும்.