பழைய டிஎக்ஸ் வேகனின் அடியில் வரும் சத்தங்கள்: மலைநாட்டு ஓட்டத்தில் கற்றவை

எங்கள் வீட்டில் ஓடுவது டொயோட்டா கொரொல்லா கேஇ72. டிஎக்ஸ் வேகன் என்றால் எல்லாருக்கும் தெரியும். பின்சக்கர இழுவை, பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடியும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் இருக்கிற வண்டியைக் காப்பாற்றி ஓட்டிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆகவே இந்த வண்டியின் அடிப்பாகத்தை நன்றாகவே பார்த்துவிட்டேன்.

ஹட்டன் பக்கத்தில் நான் போகும் கராஜில் வயதான பாஸ் (மெக்கானிக்) ஒருவர் இருக்கிறார். சத்தம் வருகிறது என்று போய் நின்றால் ஸ்பேனரைத் தொட மாட்டார். “ஏத்தத்துல கத்துதா, எறக்கத்துல கத்துதா? அத மொதல்ல சொல்லுங்க தம்பி” என்பார். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும்போது டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப், பின் அக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) பற்களின் ஒரு முகம் பாரத்தைத் தாங்குகிறது. இறம்பொடை வழியாக கியரில் இறங்கும்போது மறுமுகம் தாங்குகிறது. ஏற்றத்தில் மட்டும் ஊளையிட்டால் டிஃபுக்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பற்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சிறியது) பற்களைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மட்டும் வந்தால் பெரும்பாலும் பினியன் பெயாரிங் தளர்ந்திருக்கும். எப்படி ஓட்டினாலும் மாறாமல், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது சக்கரப் பெயாரிங்கைப் பாருங்கள், பாரம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நியூட்ரலில் கேட்டுப் பார்ப்பதென்றால் நுவரெலியா கிரகரி வாவி ஓரம் மாதிரி மட்டமான ரோட்டில் மட்டும் செய்யுங்கள். இறக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

எங்கள் வண்டியில் வந்தது வேறு சத்தம். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றி கிளட்ச்சை விட்டதும் ஒரு ‘டொக்’. மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்று, சக்கரத்தின் சுற்றைவிட மிக வேகமான தாளத்தில். இந்தத் தாளம்தான் துப்பு. சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பொக்ஸிலிருந்து டிஃபுக்குப் போகும் நீண்ட தண்டு) ஏறக்குறைய 4 முறை சுற்றிவிடும். வேறொரு கராஜில் டிஃபையே முழுதாக மாற்றச் சொன்னார்கள். பாஸ் ஷாஃப்டைக் கையால் பிடித்து இருபக்கமும் திருகிக் காட்டினார். பின்பக்க குரோஸின் (ஷாஃப்டை டிஃபோடு இணைக்கும் சிலுவை வடிவ மூட்டு) சீல் ஓரத்தில் சிவந்த துருப்பொடி கசிந்திருந்தது. கிரீஸ் வற்றி, ஊசி பெயாரிங் காய்ந்துபோன அடையாளம் அது.

வேலையை விடப் பெரிய விஷயம் வண்டியை நிறுத்தும் முறை. நம் பக்கத்தில் மட்டமான இடம் கிடைப்பதே அரிது, மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஜாக் புதைந்துபோகும். தடித்த பலகை போட்டு, ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கிறது, பின்பக்கத்தைத் தூக்கினால் அதனால் பயனில்லை. புரொப்பெல்லரைக் கழற்றிய பிறகு கியரில் போட்டு வைத்தாலும் வண்டி நிற்காது. உயிர் போகிற விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கழற்றுமுன் டிஃப் பக்கத் தட்டிலும் ஷாஃப்டிலும் பெயின்டால் நேர்க்கோடு போட வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் உட்காராவிட்டால் புதிதாக அதிர்வு வரும். பழைய குரோஸைத் துடைத்துப் பார்த்தேன். நான்கு கைகளில் இரண்டில் ஊசிகள் அழுத்தி வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது, நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. புதியதைப் பூட்டும்போது கோப்பைக்குள் ஊசி ஒன்று சரிந்து விழுந்தால், கோப்பை முழுதாக இறங்காது, சர்க்ளிப்பும் அதன் பள்ளத்தில் உட்காராது. அப்போது சுத்தியலால் அடிக்காமல் வெளியே எடுத்து, ஊசிகளை கிரீஸில் ஒட்டி நிறுத்தி மறுபடி வைசில் அழுத்துவதுதான் முறை. பாஸ் இந்த இடத்தில் மட்டும் அவசரப்படவே மாட்டார். பூட்டி முடிந்ததும் இரண்டு சத்தமும் போய்விட்டன.

லீஃப் ஸ்பிரிங்கை அக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்தாலும், கியர்பொக்ஸ் மவுன்டிங் ரப்பர் பிளந்தாலும் கிட்டத்தட்ட இதே ‘டொக்’ வரும். இரண்டையும் செலவில்லாமல் பார்த்துவிடலாம், உதிரிப்பாகம் வாங்க கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் பாருங்கள்.

டிஃப் ஒயில் மாற்றும்போது நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது இறுகிப்போயிருந்தால், வடித்த ஒயிலுக்குப் பதில் ஊற்ற வழியிருக்காது. வடித்தது பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அக்சில் மேலுள்ள சிறிய பிரீதரையும் (காற்று வெளியேறும் துளை) சுத்தம் செய்யுங்கள். அது சேற்றில் அடைத்தால், நீண்ட ஏற்றத்தில் சூடேறி உள்ளே அழுத்தம் கூடி, பினியன் சீல் வழியாக ஒயில் கசியும். எங்களுடையதில் சீலை மாற்றியபோது பாஸ், பினியன் நட் நின்ற இடத்தைக் குறித்துவைத்து, அதே இடத்துக்குத்தான் இறுக்கினார். உள்ளே நசுங்கும் ஸ்பேசர் இருப்பதால் கூடுதலாக இறுக்கினால் பெயாரிங் கெட்டுவிடும்.

இப்போது இறக்கத்தில், காலை எடுத்தால் மெல்லிய ஊளை ஒன்று கேட்கிறது. வடித்த ஒயிலில் இரும்புத் துகள் இல்லை. கூடுகிறதா என்று கவனித்து ஓட்டுகிறேன். கூடினால் ஜனவரி, பெப்ரவரி வெயில் காலத்தில் பினியன் பெயாரிங்கைத் திறந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.