மிஷனெரி பிள்ளைகளின் 'திரும்பும் முகாம்': பணம் கட்டுவதற்கு முன் பார்க்கவேண்டியவை

பெற்றோர் வெளிநாட்டில் ஊழியம் செய்யும் பணித்தளத்தில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு கல்லூரிக்காகத் தாய்நாடு திரும்பும் மிஷனெரி பிள்ளைகளுக்கென்று, மிஷனெரிகளை அனுப்பும் சங்கங்களும் பராமரிப்பு அமைப்புகளும் முகாம்கள் நடத்துகின்றன. பொதுவாகப் பத்து முதல் 14 நாள். வயது 17 முதல் 19. பெற்றோர் உடன் தங்குவதில்லை. ('தாய்நாடு' என்பது பெற்றோருடைய சொல். பிள்ளைக்கு அது பாஸ்போர்ட்டில் அச்சடித்த நாடு, அவ்வளவுதான்.) இவ்வகை முகாம்களைப் பற்றிய மதிப்பீடு இது: இரண்டு வாரமும் நன்றாகவே போகும். சேவை நல்லதா இல்லையா என்பது முகாமுக்கு முன்னால் என்ன செய்கிறார்கள், முடிந்தபின் என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

உள்ளே நடப்பவற்றில் மிகவும் பயனுள்ளது காலக்கோடு. ஒரு நீளத் தாளில் பிறந்த நாள் தொடங்கி இன்றுவரை ஒரு கோடு. ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு குறி. கோட்டுக்கு மேலே அந்த இடத்தில் கிடைத்தது, கீழே அங்கே விட்டுவந்தது. விடுப்புக்கு வந்துபோனது, விடுதிக்குப் போனது எல்லாம் சேர்த்தால் குறிகள் மளமளவென்று விழும். கீழ்ப்பக்கம் நிரம்ப நிரம்பப் பேச்சு குறையும். வழிநடத்துபவர் தேர்ந்தவரா என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும். தேர்ந்தவர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தேராதவர் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று பைபிளின் ரோமர் 8:28-ஐ எடுத்து மேலே போட்டு மூடிவிடுவார். வசனத்தில் குறையில்லை, நேரம்தான் தப்பு. துக்கப்படுவது விசுவாசக் குறைவு என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டால் மீதி நாள்களில் வாய் திறக்காது. ஆகவே ஒரு வழிநடத்துநருக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் முகாமில் சேர்க்கவேண்டாம். தனியாக உட்கார்ந்து பேச நேரமே இருக்காது.

இன்னொரு பயிற்சி பார்ப்பதற்குச் சின்னது. "உனக்கு எந்த ஊர்?" என்ற கேள்விக்கு மூன்று பதில் தயார் செய்யச் சொல்வார்கள்: வரிசையில் நிற்பவரிடம் சொல்ல ஒரு வாக்கியம், அறைத்தோழருக்கு இரண்டு நிமிடம், உண்மையிலேயே கேட்கிறவருக்கு முழுக்கதை. மூன்றாவதை முதல் ஆளிடம் கொட்டி, அவர் முகம் மாறுவதைப் பார்த்துக் கூசிப்போகிற பிள்ளைகள் நிறைய. பதிலை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவைத்தால் இது பெருமளவு குறைகிறது.

நடைமுறை வகுப்புகள்தான் பல முகாம்களில் சொதப்பல். வங்கிக் கணக்கு, காப்பீடு, வரி, தொலைபேசிக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில் திரையில் ஓட்டிவிடுகிறார்கள். வேற்றுநாட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றி எழுதிய டேவிட் பொல்லாக் இவர்களை 'மறைந்திருக்கும் குடியேறிகள்' என்றார். வெளிநாட்டு மாணவன் தடுமாறினால் யாராவது உதவுவார்கள். இவர்கள் தோற்றத்திலும் பேச்சிலும் உள்ளூர்க்காரர்கள். பயணச்சீட்டு இயந்திரத்தின் முன்னால் விழித்தால் பின்னால் நிற்பவருக்கு எரிச்சல்தான் வரும். எனவே திரையில் காட்டாமல் வெளியே கூட்டிப்போய், பிள்ளையின் சொந்த அட்டையைக் கொண்டு சீட்டு எடுக்கவைக்கிறார்களா என்று கேளுங்கள். பயண அசதி தெளியாத முதல் இரண்டு நாளில் இந்த வகுப்பை வைத்தால் ஒன்றும் மண்டையில் ஏறாது.

பொல்லாக்கின் 'ராஃப்ட்' (ஆங்கிலத்தில் மிதவை) என்ற விடைபெறும் முறையை ஏறக்குறைய எல்லாரும் கற்றுத்தருகிறார்கள். மிதவை கட்ட நான்கு கட்டைகள்: மனஸ்தாபங்களைத் தீர்ப்பது, நன்றி சொல்வது, விடைபெறுவது, போகும் இடத்தை யோசிப்பது. முறை நல்லது. ஆனால் முதல் மூன்றும் புறப்படும் கரையில் செய்யவேண்டியவை. கரை ஏறியபின் மிதவை கட்டச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? நல்ல சேவையாளர்கள் புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே பயிற்சித்தாள்களைப் பணித்தளத்துக்கு அனுப்பி, வீட்டாரோடு சேர்ந்து செய்யச் சொல்கிறார்கள். ஆள்களிடம் மட்டுமல்ல, ஏறி விளையாடிய மரம், வளர்த்த நாய், தூங்கிய அறை எல்லாவற்றிடமும் விடைபெறவேண்டும். பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் ஒரு பொருள் கைப்பையில் வரவேண்டும். சரக்கில் போட்டால் தொலையக்கூடும், தாமதமாவது அதைவிடச் சகஜம்.

இனி, முகாமுக்குப் பிறகு. புது இடத்தின் ஆரவாரத்தில் முதல் சில வாரம் ஓடிவிடும். பெரும்பாலும் சறுக்குவது முதல் நீண்ட விடுமுறையில். விடுதியைப் பூட்டுகிறார்கள், தோழர்கள் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள், பெற்றோர் வேறு கண்டத்தில். பெட்டியோடு நிற்கும் பிள்ளை எங்கே போகும்? "சபையில் யாராவது கூப்பிடுவார்கள்" என்று விட்டுவிடும் சேவையை விட்டுத்தள்ளலாம். பிள்ளை ஏற்கெனவே ஒரு முறையாவது தங்கிப் பழகிய குடும்பம் ஒன்று முகாம் முடிவதற்குள் உறுதியாக வேண்டும். ஆறாவது வாரத்திலும், மூன்றாவது, ஆறாவது மாதங்களிலும் அதே வழிநடத்துநர் அழைத்துப் பேசவேண்டும். ஆள் மாறினால் பிள்ளை "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடும். இந்தத் தொடர்பு இல்லாமல் கட்டணம் குறைவாக இருக்கும் முகாம், குறைந்த விலைக்குக்கூட வாங்கத்தக்கதல்ல.

விண்ணப்பத்தில் பலரும் படிக்காமல் கையெழுத்திடும் பத்தி ஒன்று உண்டு: அறிக்கை யாருக்குப் போகும்? தனியாகப் பேசியது பெற்றோரின் சங்கத்துக்குப் போய்ச்சேருமென்றால், அப்பா அம்மாவின் ஊழியத்துக்குப் பாதகம் வருமோ என்று பிள்ளை எதையும் சொல்லாது. ஆபத்து, துன்புறுத்தல் தவிர மற்றவை வெளியே போகாது என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதப்பட்ட பிள்ளைப் பாதுகாப்புக் கொள்கை, பணியாளர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, அமைப்புக்கு வெளியே உள்ள ஒருவரிடம் புகார் செய்யும் வழி ஆகிய மூன்றையும் கேளுங்கள். சில மிஷனெரி விடுதிகளில் நடந்த கொடுமைகள் பல பத்தாண்டுகள் கழித்தே விசாரணைக்கு வந்தன. புகாரும் பெற்றோரின் வேலையும் ஒரே அலுவலகத்தின் கையில் இருந்தது அதற்கு ஒரு காரணம். கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கடைசி நாள் சபை மேடையில் சாட்சி (தன் விசுவாச அனுபவம்) சொல்லவைக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. பிள்ளை வேண்டாமென்றால் விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு, சாக எண்ணம் வந்துபோகும் பிள்ளைக்கு, இந்த முகாம் மருந்தல்ல. முதலில் மருத்துவர், அவர் சரி என்றபின் முகாம். பத்து வயதுத் தம்பி தங்கைக்கு இரண்டு வாரம் தேவையில்லை. குடும்பமாக மூன்று நான்கு நாள் நடக்கும் கலந்துரையாடல் போதும், அதிலும் கிரேயானைக் கையில் கொடுத்து மூலையில் உட்காரவைக்காமல், வரைந்ததைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்க ஒரு தனி ஆள் இருந்தால்.