புது மென்பவள இனமா? சுண்ணத் துகள், டி.என்.ஏ., எலக்ட்ரான் நுண்ணோக்கி: தருமபுரி ஆய்வகத்தில் எதை முதலில் செய்வது?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கடல் இல்லை. அதனால் மென்பவள (கல்போன்ற கூடு இல்லாத, சதைப்பற்றான பவளம்) ஆய்வு நமக்கில்லை என்று விலங்கியல் மாணவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. மாதிரி கைக்கு வந்த பிறகு நடக்கும் வேலையில் பெரும்பகுதி மைக்ராஸ்கோப் மேசையில்தான். மன்னார் வளைகுடாவிலிருந்து முறையான அனுமதியோடு எடுத்த சினுலேரியா (மென்பவளங்களில் ஒரு பேரினம்) மாதிரி ஒன்று, அறிந்த எந்த இனத்தோடும் பொருந்தாததுபோல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் முதலில் போடுவது?

மென்பவளத்தின் சதைக்குள் கிடக்கும் சுண்ணத் துகள்களில், அதாவது ஸ்கிளீரைட்டுகளில்தான் என்பது எங்கள் தெளிவான கருத்து. பழைய இனங்களில் பெரும்பாலானவை இந்தத் துகள்களின் வடிவத்தை வைத்தே விவரிக்கப்பட்டன. 1980-இல் பவள வகைப்பாட்டாளர் வெர்செவெல்ட் சினுலேரியா பேரினம் முழுவதையும் திருத்தி எழுதியதும் துகள் படங்களை வைத்துத்தான். நூறாண்டு பழைய அருங்காட்சியக மாதிரியிலிருந்து நல்ல டி.என்.ஏ. கிடைப்பது அரிது. புது இனம் என்று சொல்ல அந்தப் பழையவற்றோடுதான் ஒப்பிட்டாக வேண்டும்.

செலவும் குறைவு. மடலின் (விரல்போல் நீளும் பகுதி) மேற்பரப்பு, மடலின் உட்பகுதி, அடித்தண்டின் மேற்பரப்பு, தண்டின் உட்பகுதி என நான்கு இடங்களில் அரிசி அளவு துண்டு வெட்டி, தனித்தனிக் குழாயில் போடுங்கள். ஒரே இடத்தில் வெட்டினால் விவரணை முழுமையாகாது. மேற்பரப்பில் கதாயுத வடிவத் துகள்கள் இருக்கும், மி.மீ.-இல் பத்தில் ஒரு பங்கு அளவில். உள்ளே இருமுனையும் கூம்பிய நீள் துகள்கள். சில இனங்களில் 3 மி.மீ.-ஐத் தாண்டி வெறும் கண்ணுக்கே தெரியும். எத்தனாலில் இருந்த துண்டை முதலில் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து அலச வேண்டும், ஏனென்றால் எத்தனாலும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும். பிறகு 4–5% சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் சில சொட்டு. குமிழி அடங்கும்வரை விடுங்கள், அரைமணி நேரத்துக்குள் சதை கரைந்துவிடும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றக் கூடாது. அதில் கரையாத சுண்ணாம்பு வெள்ளையாகத் தங்கித் துகள்களோடு கலந்துவிடும்.

அடுத்தது கழுவுதல். நம் மாவட்டங்களில் காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். போர்வெல் தண்ணீர் கடினத்தன்மை மிகுந்தது, பல ஊர்களில் ஃபுளோரைடும் உண்டு. அதில் கழுவிக் காயவைத்தால் கண்ணாடித் தகட்டில் உப்புப் படிகம் பூக்கும். சின்னக் குச்சிபோல் தெரியும் அதைத் துகள் என்று அளந்துவிட்டால் அட்டவணை முழுக்கப் பிழை. டிஸ்டில்டு வாட்டரில் ஐந்து முறை கழுவுங்கள். பேட்டரிக் கடையில் வாங்கும்போது ஆசிட் பாட்டில் மாறி வந்துவிடக் கூடாது, ஆசிட் பட்டால் துகளே கரைந்துபோகும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் படியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் பிப்பெட்டால் எடுங்கள். அவசரமாகச் சாய்த்தால் முதலில் போவது சின்னக் கதாயுதத் துகள்கள். இனத்தைப் பிரிக்க மிகவும் வேண்டியவையும் அவையே. கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டைத் தனித் தகட்டில் காயவைத்துப் பாருங்கள். படிகம் தெரிந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

டி.என்.ஏ. வழியில் வழக்கமாகப் பார்ப்பது இரண்டு பகுதிகள்: எட்டுக்கைப் பவளங்களின் (மென்பவளங்களும் இவற்றில் சேர்ந்தவை) மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் காணப்படும் எம்.டி.மட்எஸ் மரபணு, உட்கருவின் 28எஸ் மரபணு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம், அங்குள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவது சிரமமில்லை. சிக்கல் முடிவைப் படிப்பதில் இருக்கிறது. இந்தப் பவளங்களின் மைட்டோகாண்ட்ரியா மிக மெதுவாக மாறுவதால் வெவ்வேறு இனங்களுக்கும் ஒரே டி.என்.ஏ. எழுத்து வரிசை வரலாம். சினுலேரியாவில் இனங்கள் கலந்ததற்கான சான்றுகளும் உண்டு. ஆகவே வரிசை ஒத்துப்போனால் பழைய இனம்தான் என்று மூடிவிடவும் முடியாது. பி.சி.ஆர். (டி.என்.ஏ.-வைப் பெருக்கும் முறை) வேலை செய்யாவிட்டால் பல நேரம் காரணம் பவளத்தின் சளி, டி.என்.ஏ.-வைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். 28எஸ்-இல் பவளத்துக்குப் பதில் அதனுள் வாழும் பாசியின் வரிசை வந்திருக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். இவ்வளவு இருந்தும் டி.என்.ஏ.-வைக் கைவிடச் சொல்லமாட்டோம். பேரினத்தை உறுதிசெய்ய அதுதான் நம்பகமானது. 2022-இல் வகைப்பாடே மாறி, சினுலேரியாவின் பல இனங்கள் ஸ்கிளீரோஃபைட்டம் என்னும் பேரினத்துக்குப் போய்விட்டன. இரண்டு பெயரிலும் தேடாமல் ஒப்பீடு முழுமையாகாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி கடைசியில் போதும். கதாயுதத் தலையின் முண்டுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை அதுபோல் வேறெதுவும் காட்டாது. நல்ல ஆய்விதழ்கள் அந்தப் படத்தை எதிர்பார்க்கும். ஆனால் துகளின் நிறம் அதில் தெரியாது. தங்கப் பூச்சு சரியாகப் படியாவிட்டால் துகள் வெளுத்துத் தெரியும். சாதா மைக்ராஸ்கோப்பில் தேர்ந்தெடுத்த துகள்களை மட்டும் கொண்டுபோனால் வாடகை மிச்சம்.

மூன்றுக்கும் அடிப்படை, மாதிரியை வைத்திருக்கும் விதம். ஃபார்மலின் வேண்டாம். நாளடைவில் அமிலமாகித் துகளை அரிக்கும், டி.என்.ஏ.-வையும் கெடுக்கும். ஒரு துண்டை 95% எத்தனாலில் போட்டு, சதையின் நீர் அதை நீர்த்துவிடும் என்பதால் மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். மீதி 70%-இல் இருக்கட்டும். எத்தனாலில் நிறம் போய், உடலும் சுருங்கிவிடும். கடலுக்கடியில் எடுத்த படம் இல்லாவிட்டால் உயிருள்ள தோற்றத்தை எழுத வழியில்லை.

புது இனம் என்று உறுதியானால் ஹோலோடைப்பை (இனப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) குறிப்பிட்டு, 2002 உயிரியல் பன்மைச் சட்டப்படி அதை இந்திய விலங்கியல் ஆய்வு மையம் (ZSI) போன்ற அறிவிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால் முன்னதாகவே சூபேங்க் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவு எண் வாங்கிக் கட்டுரையிலேயே அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லாது. ஜாடிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.