காஸ்டிக்கை முறிக்க எந்த ஆசிட்?

திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் அக்கா மகன் கேட்டான்: "வெளுத்த துணியில நிக்கிற காஸ்டிக்கை முறிக்க எந்த ஆசிட்டுங்க மாமா கட்டுபடியாகும்?" கணக்கு எளிதாக வர, காஸ்டிக் (காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) 40 கிலோ, அதாவது ஒரு கிலோமோல் (மூலக்கூறு நிறை எவ்வளவோ அத்தனை கிலோ) என்று வைத்துக்கொண்டோம்.

பேப்பரில் ஜெயிப்பது ஹைட்ரோகுளோரிக்: 36.5 கிலோ போதும். ஃபார்மிக் 46, சல்பூரிக் 49, அசிட்டிக் 60. ஆனால் கடைச்சரக்கு ஹைட்ரோகுளோரிக்கில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 33 சதவீதம் என்றால் 110 கிலோவுக்கு மேல் ஊற்ற வேண்டும். 98 சதவீத சல்பூரிக் 50 கிலோவில் வேலையை முடித்துவிடும். 85 சதவீத ஃபார்மிக் 54, கிளேசியல் (அநேகமாகத் தண்ணீரே இல்லாத) அசிட்டிக் 60 சொச்சம். கிலோ விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர் தண்ணீருக்கும் வண்டி வாடகை கொடுக்கிறார்.

சல்பூரிக்கில்தான் பையன் வழுக்கினான். மூலக்கூறு நிறை 98, அதனால் 98 கிலோ என்று எழுதிவிட்டான். அதன் ஒரு மூலக்கூறு இரண்டு காஸ்டிக்கை முறிக்கும், பாதி போதும். அவன் கணக்குப்படி ஊற்றியிருந்தால் 49 கிலோ ஆசிட் மிச்சம் நின்று, காயும்போது பருத்தி நைந்திருக்கும். (சல்பூரிக்கைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அதில் அல்ல. இதை அவனுக்கு இரண்டு முறை சொன்னேன்.)

அசிட்டிக் சாது. கொஞ்சம் கூடினாலும் துணி தப்பிக்கும், மிச்சம் ஆவியாகிவிடும். ஆனால் மோலுக்கு மோல் சரியாகப் போட்டாலும் பிஎச் நடுநிலையான 7-க்கு இறங்காது, எட்டைத் தாண்டியே நிற்கும். உண்டாகும் சோடியம் அசிட்டேட்டுக்கே கொஞ்சம் காரக்குணம் உண்டு. அதனால் கணக்குக்கு மேலே இன்னும் சிறிது ஊற்ற வேண்டிவரும்.

அப்புறம் கழிவுநீர். 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை நொய்யல் கரையில் யாரும் மறக்கவில்லை. தண்ணீரை மீட்டால் உப்பு மிஞ்சும். ஹைட்ரோகுளோரிக் 58.5 கிலோ சாதாரண உப்பைத் தரும். அந்தக் குளோரைடு எவர்சில்வர் மெஷினையே அரிக்கும். சல்பூரிக் தருவது 71 கிலோ சோடியம் சல்பேட். சுத்தமாக மீட்டால், சாயம் ஏற்றப் போடும் உப்பாகச் சாயத்தொட்டிக்கே திரும்பும்.

துணிக்கு அசிட்டிக், கழிவுத் தொட்டிக்கு சல்பூரிக் என்றேன்.

"தொட்டியில 40 கிலோதான் இருக்குதுன்னு எப்படிங்க மாமா தெரியும்?" என்றான். சரியான கேள்வி. இப்போது முதலில் 10 மில்லி எடுத்து டைட்ரேஷன் (அடர்த்தி தெரிந்த ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காரத்தை அளப்பது) பார்க்கிறான். கேனைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.